விடிகாலை நாலு மணிக்கு எரிந்த பல்பு

ராத்திரி பத்து மணிக்குச் சென்ட்ரலை விட்டுக் கிளம்பும் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் எங்கள் ஆரம்பாக்கத்தில் நிற்காது. ஜி.டி.யும் நிற்காது. டெல்லி வண்டிகள் எல்லாமே பிளாட்பாரத்துப் புழுதியைக் கிளப்பிவிட்டுப் பறந்துவிடும். எங்களுக்குச் சூலூர்பேட்டை மெமு போதும். கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குத் தெற்கே, தடா பக்கத்து ஸ்ரீசிட்டிக்கு வடக்கே என்று ஷிப்டுக்கு ஓடுகிறவர்களின் ஊர் இது. ரயில் பாதையில் தமிழ்நாட்டின் கடைசி ஸ்டேஷன். அடுத்தது தடா, ஆந்திரா. டீக்கடையில் தமிழில் தொடங்குகிற பேச்சு கிளாஸ் காலியாவதற்குள் தெலுங்கில் போய் முடியும்.

அப்படி ஒரு சாயங்காலம் என் அண்ணன் மகள் பிளஸ் ஒன் இங்கிலீஷ் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள். முதல் பாடம், 'தி போர்ட்ரெய்ட் ஆஃப் எ லேடி.' குஷ்வந்த் சிங் தன் பாட்டியைப் பற்றி எழுதியது.

"சித்தப்பா, இந்தப் பாட்டி நெஜப் பாட்டியா, கதையா?"

"நெஜப் பாட்டிதாம்மா. கூடவே ஸ்கூலுக்குப் போற அந்தப் பையன்தான் இதை எழுதினவரு. அவங்க அப்பாவை 'பாதி டெல்லிக்குச் சொந்தக்காரர்'னே சொல்லுவாங்க."

"போங்க சித்தப்பா! பாட்டி கையில பழைய சப்பாத்திய எடுத்துட்டுப் போய் நாய்க்குப் போடுது. அவ்ளோ பணக்காரங்க வீட்டுப் பாட்டியா இது?"

இந்தக் கேள்வி என்னைப் பிடித்து ஆட்டிவிட்டது. தமிழ்நாட்டில் பிளஸ் ஒன் படிக்கிற எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் அந்தப் பாட்டியைத் தெரியும். முதுகு வளைந்தவள், ஜெபமாலையை உருட்டுகிறவள், குருவிகளுக்குத் தீனி போடுகிறவள். ஆனால் அந்தப் பாடத்துக்குப் பின்னால் இருக்கிற வீடு? அதன் கதவைக் கொஞ்சம் தள்ளிப் பார்த்தால் போதும், உள்ளே கொட்டிக் கிடக்கிறது! வாருங்கள், எட்டிப் பார்ப்போம்.

முதலில் ஹடாலி. இன்றைய பாகிஸ்தான் பஞ்சாபில் மணல் காடு சூழ்ந்த சின்ன ஊர். குடும்பத்துத் தொழில் உப்பு வியாபாரம். கேவ்ரா சுரங்கத்துப் பாறை உப்பை ஒட்டகங்களில் ஏற்றிக் கொண்டுபோய் விற்றவர்கள். தாத்தா சுஜன் சிங், அப்பா சோபா சிங் இருவரும் ஒட்டகத்திலிருந்து இறங்கிக் கட்டுமான ஒப்பந்தத்துக்கு மாறினார்கள். அப்போதுதான் வெள்ளைக்காரன் தலைநகரைக் கல்கத்தாவிலிருந்து டெல்லிக்கு மாற்றுகிறேன் என்று அறிவித்தான். 1911 டிசம்பர்.

இனி நடந்ததைக் கேளுங்கள், எனக்கு இதைச் சொல்லும்போதே சிரிப்பு முட்டுகிறது. ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் புது நகரத்துக்கு ஆடம்பரமாக அடிக்கல் நாட்டிவிட்டுப் போனார். அப்புறம் பார்த்தால், இடம் சரியில்லை என்று முடிவாகிவிட்டது. மன்னர் நட்ட கல்லைப் பட்டப்பகலில் பிடுங்க முடியுமா? சத்தமில்லாமல் ராத்திரியில் பெயர்த்து, மாட்டு வண்டியில் ஏற்றி, ரைசினா பக்கம் கொண்டுபோய் மறுபடி நட வேண்டும். அந்த வேலை இளவட்ட ஒப்பந்தக்காரர் ஒருவரிடம் வந்தது. அவர்தான் சோபா சிங். கூலி 16 ரூபாய் என்று பின்னாளில் மகன் எழுதியிருக்கிறார். புது டெல்லி என்ற நகரமே அந்த வண்டிச் சத்தத்தில்தான் பிறந்தது!

பதினாறு ரூபாயில் ஆரம்பித்தவர் அதற்கப்புறம் நிற்கவே இல்லை. சவுத் பிளாக், இந்தியா கேட், கன்னாட் பிளேஸின் சில பகுதிகள், பரோடா ஹவுஸ், தேசிய அருங்காட்சியகம் என்று அவர் கைபட்ட கட்டடங்கள் வரிசையாக நிற்கின்றன. யாரும் சீந்தாத முள்காட்டைச் சதுர கஜம் இரண்டு ரூபாய்க்கெல்லாம் வாங்கிப் போட்டார். அதே இடங்களில் இன்றைக்கு நிலத்தின் விலை கேட்டால் தலை சுற்றும். சர் பட்டமும் கிடைத்தது. 1945 வாக்கில் தன் தகப்பனார் பெயரில் சுஜன் சிங் பார்க் என்ற அடுக்குமாடிக் குடியிருப்பைக் கட்டினார். வரைந்தவர் வால்டர் ஜார்ஜ். செங்கல் வளைவுகளும் நடுவே புல்வெளியுமாக, டெல்லியில் அந்த மாதிரி அடுக்குவீடுகள் வந்தது அதுதான் முதல் தடவை.

அந்த வளைவுக்கு வெளியே ஒரு தடவை நான் நின்றிருக்கிறேன். வேலை விஷயமாக டெல்லி போனவன், கான் மார்க்கெட்டிலிருந்து நடந்தே போய்ச் சேர்ந்தேன். உள்ளே போகத் தைரியம் வரவில்லை. மரத்தடியில் நின்று, இதில் எந்த ஜன்னலில் விளக்கு முதலில் எரிந்திருக்கும் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

பாட்டிக்கு வருகிறேன். அப்பாவும் அம்மாவும் டெல்லியைக் கட்டப் போய்விட்டதால்தான் பையன் பாட்டியிடம் கிராமத்தில் வளர்ந்தான். பாடத்தில் ஒரு வரியில் கடந்துபோகிற அந்த 'நகரம்' எது என்று இப்போது புரிகிறதா? பழைய சப்பாத்தி பாட்டியின் வழக்கம். மகன் கோடீஸ்வரனாகிவிட்டான் என்பதற்காக அவள் எதையும் மாற்றிக்கொள்ளவில்லை. அவளால்தான் இன்னொரு வேடிக்கையும். ஸ்கூலில் சேர்க்கும்போது அப்பா பிறந்த தேதி என்று எழுதிக் கொடுத்தது 2 பிப்ரவரி 1915. பாட்டியோ, அதெல்லாம் இல்லை, பையன் பிறந்தது ஆகஸ்டில் என்று அடித்துச் சொன்னாள். பேரன் பாட்டி கட்சி. ஆகஸ்டில் ஒரு தேதி வேண்டுமே, 15 என்று தானே வைத்துக்கொண்டார்! வீட்டில் வைத்த பெயரும் குஷ்வந்த் இல்லை, குஷால் சிங். பையன்கள் கேலி செய்கிறார்கள் என்று, அண்ணன் பகவந்தின் பெயரோடு ஒத்துப்போகும்படி அவரே மாற்றிக்கொண்டது குஷ்வந்த்.

படிப்பு? மாடர்ன் ஸ்கூல், செயின்ட் ஸ்டீபன்ஸ், லாகூர் அரசுக் கல்லூரி, லண்டன் கிங்ஸ் கல்லூரி. பெரிய மார்க் எடுத்தவர் இல்லை. 1939-இல் கவல் மாலிக்கோடு கல்யாணம். பெண்ணின் அப்பாவும் பொதுப்பணித் துறையில் உச்சியில் இருந்த இன்ஜினியர். கல்யாண விருந்துக்கு வந்தவர்களில் ஒருவர் முகம்மது அலி ஜின்னா. பிற்பாடு நாடு இரண்டானபோது இந்தக் குடும்பத்தின் சொந்த ஊரே அவருடைய நாட்டுக்குள் போய்விட்டது.

லாகூர் ஐகோர்ட்டில் எட்டு வருஷம் வக்கீல். வழக்குகளும் அதிகம் இல்லை, தொழிலில் மனமும் இல்லை. 1947 ஆகஸ்ட் வந்தது. லாகூரை விட்டுக் கிளம்பி டெல்லியை நோக்கிக் காரில் வந்துகொண்டிருந்தார். ஆள் நடமாட்டமே இல்லாத சாலை. எதிரே ஒரு ஜீப், ஆயுதங்களோடு சீக்கியர்கள். பக்கத்து முஸ்லிம் கிராமம் ஒன்றை அழித்துவிட்டு வருகிறோம் என்று அவரிடமே பெருமையாகச் சொன்னார்கள், இவரும் சீக்கியர்தானே என்ற உரிமையில். அந்தச் சாலையும் அந்தப் பெருமையும் அவர் மனசை விட்டுப் போகவே இல்லை.

லாகூர் வீடு என்ன ஆனது? மன்சூர் காதிர் என்ற முஸ்லிம் நண்பர் அதில் குடிவந்து, பொருள்களைப் பாதுகாத்து, ஒன்று விடாமல் டெல்லிக்கு அனுப்பிவைத்தார். அவரே பிற்பாடு பாகிஸ்தானின் வெளியுறவு அமைச்சர் ஆனார். ஜீப்பில் வந்தவர்களையும் இந்த நண்பரையும் ஒரே மாதத்தில் பார்த்த மனுஷன் நாவல் எழுதாமல் இருக்க முடியுமா?

'ட்ரெயின் டு பாகிஸ்தான்.' 1956. கையெழுத்துப் பிரதியாக இருந்தபோதே அமெரிக்காவின் குரோவ் பிரஸ் ஆயிரம் டாலர் பரிசு கொடுத்த நாவல். சட்லெஜ் பாலத்தை ஒட்டி மனோ மாஜ்ரா என்ற குட்டிக் கிராமம். அங்கே கடிகாரம் கிடையாது, ரயில்தான் கடிகாரம். விடியலில் மெயில் வண்டி கூவினால் மசூதியில் தொழுகை, குருத்வாராவில் பிரார்த்தனை. ராத்திரி கூட்ஸ் வண்டி போனால் தூக்கம். ஐயோ, இதைப் படித்தபோது நான் துள்ளிக் குதித்தேன்! இது எங்கள் ஊர் அல்லவா! எங்கள் தெருவில் இன்றைக்கும் 'எட்டரை வண்டி போயிடுச்சா?' என்றுதான் கேட்கிறோம். எல்லை ஊர், நிற்காமல் போகிற ரயில், பக்கத்து வீட்டில் வேற்று மொழி. நாவலில் ஒரு நாள் ரயில் நேரம் தப்புகிறது; ஊரின் மூச்சே தப்புகிறது. கடைசிப் பக்கங்களை நான் சொல்ல மாட்டேன். ஜக்கா என்ற ரவுடி அங்கே என்ன செய்கிறான் என்று நீங்களே படித்துக்கொள்ளுங்கள். நம்முடைய தடா எல்லையில் சோதனைச் சாவடியும் லாரி வரிசையும்தான் உண்டு. யாரும் யாரையும் விரட்டியதில்லை. அது எவ்வளவு பெரிய கொடுப்பினை என்பதை அந்த நாவல்தான் எனக்குக் காட்டியது.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். வக்கீல் வேலை வேண்டாம் என்று விட்டார். லண்டனிலும் கனடாவிலும் இந்தியத் தூதரக வேலை, அதையும் உதறினார். ஆல் இந்தியா ரேடியோ, பாரிஸில் யுனெஸ்கோ, எல்லாம் வரிசையாக வந்து போயின. மாதச் சம்பளத்தை நம்பி வீட்டில் உலை வைக்கிறவனுக்கு இப்படி உதற முடியாது, எனக்கு நன்றாகத் தெரியும். அப்பா பணம் அவருக்கு வாங்கிக் கொடுத்தது இந்தத் துணிச்சலைத்தான். எழுத்து வருமா வராதா என்று சோதித்துப் பார்க்கப் பல வருஷங்களை அது கொடுத்தது. எத்தனையோ பணக்கார வீட்டுப் பிள்ளைகளுக்கு அதே வருஷங்கள் கிடைத்தன. அவர்கள் என்ன செய்தார்கள் என்று யாருக்கும் நினைவில்லை. இவர் விடிகாலை நாலு மணிக்கு எழுந்தார்.

ஆமாம், நாலு மணி! மழையோ குளிரோ, முந்தின நாள் யார் விருந்துக்கு வந்திருந்தாலும் சரி. எழுந்து, டீ போட்டுக் குடித்து, மடியில் மஞ்சள் தாள் வைத்துப் பேனாவால் எழுதத் தொடங்குவார். கம்ப்யூட்டர் பக்கமே போனதில்லை. குறுக்கெழுத்துப் புதிர் ஒரு பக்கம். கொஞ்சம் தள்ளிப் பொற்கோயில் கீர்த்தனை ஒலிக்கும். கடவுள் நம்பிக்கை இல்லாதவர், ஆனால் கீர்த்தனையை விட்டதில்லை, தாடி தலைப்பாகையையும் விட்டதில்லை. சாயங்காலம் ஏழு மணிக்கு விஸ்கி. வந்த விருந்தாளிகள் சீக்கிரமே எழுந்துவிட வேண்டும், அவர் தூங்கப் போக வேண்டும். எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் கவல் அம்மாள் நேரத்தில் கறார். வாசல் கதவில் ஒரு பலகை: உங்களை எதிர்பார்க்கவில்லை என்றால் மணியை அடிக்காதீர்கள்! ஊரெல்லாம் அவரைக் குடிகாரர், பெண் பித்தர் என்று பேசிக்கொண்டது. அந்தப் பேச்சை வளர்த்துவிட்டவரும் அவர்தான். உள்ளே எட்டிப் பார்த்தால் பரீட்சைக்குப் படிக்கிற பையனின் டைம் டேபிள் இருக்கிறது.

அரசுப் போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்களுக்கு ஒரு சந்தோஷச் செய்தி. நீங்கள் மாதாமாதம் வாங்குகிற 'திட்டம்' இதழின் தாய் ஏடான 'யோஜனா' 1957-இல் தொடங்கியபோது அதன் முதல் ஆசிரியர் யார் தெரியுமா? இவரேதான். கையில் புள்ளிவிவரப் பத்திரிகையைக் கொடுத்தாலும் ஊர் ஊராகப் போய்ப் பார்த்து எழுதினார். அதற்கப்புறம் இரண்டு பாகங்களில் சீக்கியர் வரலாறு, 1963-லும் 1966-லும். நகைச்சுவைத் துணுக்குப் புத்தகங்களுக்காக அவரைத் தெரிந்துவைத்திருக்கிறவர்கள் இந்த இரண்டையும் ஒரு தடவையாவது புரட்ட வேண்டும்.

1969-இல் பம்பாய், 'இல்லஸ்ட்ரேட்டட் வீக்லி.' எனக்கு மிகவும் பிடித்த அத்தியாயம் இதுதான். விற்பனை 65,000-இல் இருந்த பத்திரிகை. இவர் கைக்கு வந்ததும் சாதிகள், சமூகங்கள், சாமியார்கள், சண்டைகள், படங்கள் என்று பக்கத்துக்குப் பக்கம் தீப்பிடித்தது. 4 லட்சத்தைத் தொட்டது! ஆசிரியர் பக்கத்துக்குக் கோவா ஓவியர் மரியோ மிராண்டா ஒரு படம் போட்டுக் கொடுத்தார். ஒரு மின்சார பல்பு. அதற்குள்ளே சர்தார்ஜி உட்கார்ந்திருக்கிறார், பக்கத்தில் தாள் கட்டும் விஸ்கி பாட்டிலும். அதன்பின் எந்தப் பத்திரிகைக்குப் போனாலும் பல்பும் கூடவே போனது. பல வருஷம் எழுதிய வாரப் பத்தியின் உச்சியில் அது எரிந்துகொண்டே இருந்தது.

அந்த வாரப் பத்திக்கு வந்த கடிதங்கள் தனிக் கதை. யார் எழுதினாலும் பதில் போடுவார், போஸ்ட் கார்டில், தன் கையால். கனடாவிலிருந்து ஒரு கடிதம் வந்ததாம். உறை மேல் முகவரி கிடையாது. ஒரு பச்சை வசவு, அதை அடுத்து அவர் பெயர், கீழே 'இந்தியா.' அவ்வளவுதான். கடிதம் நேராக அவர் வீட்டுக்கு வந்து சேர்ந்தது! இந்தியத் தபால் துறையின் திறமையை ஊரெல்லாம் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தார்.

எல்லாவற்றையும் கொண்டாட முடியாது. எமர்ஜென்சியை ஆதரித்தார், சஞ்சய் காந்தியைத் தூக்கிப் பிடித்தார். ஒரு பத்திரிகை ஆசிரியர் பத்திரிகைத் தணிக்கையின் பக்கம் நின்றது பெரும் பிழை, எனக்கு அதில் இரண்டாவது கருத்து இல்லை. அந்த மாதிரி விஷயங்களை அவர் மூடி மறைக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பகத் சிங் வழக்கில் அவரை அடையாளம் காட்டிய சாட்சிகளில் ஒருவர் தன் அப்பா சோபா சிங் என்பதைக்கூட அவர் ஒளிக்கவில்லை. அப்பா பார்த்ததைச் சொன்னார் என்றார்.

1978 ஜூலை 25. ஓய்வு பெற ஒரே வாரம். உடனே கிளம்பலாம் என்று வீக்லி நிர்வாகம் சொல்லிவிட்டது. ஒன்பது வருஷ உழைப்பு! எழுந்தார், குடையை எடுத்தார், ஒரு வார்த்தை பேசாமல் வெளியே நடந்தார். அந்தக் குடையை நினைத்தால் எனக்கு இன்னும் நெஞ்சை அடைக்கிறது. அதே வருஷம்தான் தொண்ணூறை ஒட்டிய வயதில் சோபா சிங்கும் காலமானார். போவதற்குச் சற்று முன்புகூட ஒரு வாய் விஸ்கி சாப்பிட்டார் என்று மகன் எழுதினார்.

1980 முதல் 'இந்துஸ்தான் டைம்ஸ்' ஆசிரியர், அதே வருஷம் ராஜ்யசபா உறுப்பினர். 1974-இல் வாங்கிய பத்மபூஷணை, 1984-இல் ராணுவம் பொற்கோயிலுக்குள் நுழைந்தபோது திருப்பிக் கொடுத்தார். சீக்கியத் தீவிரவாதி பிந்தரன்வாலேயை எதிர்த்து அவர் அளவுக்குக் கடுமையாக எழுதியவர் குறைவு. ஆனாலும் கோயிலுக்குள் டாங்கி போனதை அவரால் பொறுக்க முடியவில்லை. அந்த நவம்பரில் டெல்லியில் சீக்கியர்களைத் தேடித் தேடிக் கொன்றபோது, அப்பா கட்டிய நகரத்தில், தாத்தா பெயர் வைத்த குடியிருப்பில் அவரால் தங்க முடியவில்லை. ஸ்வீடன் தூதரகத்தில் தஞ்சம் புகுந்தார். சொந்த நாட்டிலேயே அகதியைப் போல உணர்ந்ததாகப் பின்னால் சொன்னார்.

ஆனால் பேனா நிற்கவில்லையே! இருபது வருஷத்துக்கு மேல் கிடப்பில் போட்டுப் போட்டு எழுதிய 'டெல்லி' நாவல் 1990-இல். வழக்கில் பல வருஷம் சிக்கிய சுயசரிதை 2002-இல். கடைசி நாவல் 'தி சன்செட் கிளப்' வந்தது 2010-இல், வயது 95! மூன்று கிழவர்கள் லோதி தோட்டத்துப் பெஞ்சில் உட்கார்ந்து பேசுகிற கதை. தொண்ணூற்றைந்தில் நாவல் எழுதுகிறவரைப் பார்த்துவிட்டு, நேரமில்லை என்று நான் எப்படிச் சொல்வேன்? அன்றிலிருந்து என் அலாரமும் நாலே முக்காலுக்கு. நாலு இன்னும் கைவரவில்லை.

2014 மார்ச் 20. சுஜன் சிங் பார்க் வீட்டிலேயே உயிர் பிரிந்தது. 99 வயது.

இதையெல்லாம் சொல்லி முடித்தபோது மெமு வந்து நின்று போயிருந்தது. அண்ணன் மகள் புத்தகத்தைப் பிரித்து வைத்தபடியே கேட்டாள்: "அப்போ அந்த ஹடாலிக்கு அவரு திரும்பப் போகவே இல்லையா சித்தப்பா?"

போனார் அம்மா. உயிரோடு இருந்தபோதும் போய்ப் பார்த்தார். இறந்த பின்னும் போனார். லாகூர்க்கார நண்பர் ஒருவர் அவருடைய சாம்பலில் ஒரு பிடியை எடுத்துப்போய், சிமென்டில் கலந்து, ஹடாலி பள்ளிக்கூடச் சுவரில் அவர் பெயர் பொறித்த கல்வெட்டைப் பதித்தார். அந்தக் கல்வெட்டு இன்றும் அங்கே இருக்கிறது.